கோடியக்கரை, சீசன் தொடக்கத்தில்: பூநாரைக்காகப் போனால் மூன்று நட்சத்திரம், மற்றதற்கு நாலரை

ஐப்பசி பிறந்தவுடன் டெல்டாவில் பறவை பார்க்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கோடியக்கரையில் பூநாரை இறங்கிவிட்டதா? கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் படங்களில் பார்க்கிற மாதிரி தொடுவானம் முழுக்க இளஞ்சிவப்பாக நிற்கும் கூட்டம் வேண்டுமென்றால் மார்கழி வரை பொறுக்க வேண்டும். அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரையுள்ள நாட்களுக்கான மதிப்புரை இது. இந்த நாட்களில் பூநாரையை மட்டும் நம்பி கும்பகோணத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ குடும்பத்தோடு காரெடுத்தால், திரும்பும்போது வண்டிக்குள் யாரும் பேச மாட்டார்கள். சேற்றுக் கரையில் மேயும் சின்ன உள்ளான்கள், காட்டுக்குள் வந்து ஒதுங்கும் வலசைக் குருவிகள், வெளிமான் ஆகிய மூன்றுக்காகவும் போகிறவருக்கு டிசம்பர் கூட்டத்தைவிட இதுவே நல்ல காலம்.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டர் சொச்சம். வங்கக் கடலோரமாக வரும் கரை இங்கேதான் செங்கோணமாகத் திரும்பி பாக் நீரிணையோரமாக மேற்கே போகிறது. 1967-ல் சரணாலயம், 2002-ல் ராம்சார் பட்டியல், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல். உள்ளே மூன்று வேறு வேறு நிலங்கள்: பாலை மரம் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடு, வெளிமான் மேயும் புல்வெளி, மேற்கே முத்துப்பேட்டை வரை சுமார் 48 கி.மீ. நீளும் பெருஞ்சதுப்பு. மூன்றுக்கும் நல்ல நேரம் வேறு வேறு. அதைக் குழப்பிக்கொள்வதால்தான் முதல் தடவை போகிறவர்களில் பெரும்பாலோருக்கு நாள் வீணாகிறது.

முதலில் தண்ணீர். சீசன் தொடக்கத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதான். வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டிப் பிடிக்கும். அதற்கு முன் சதுப்பின் பெரும்பகுதி உப்புப் பொருக்கு மூடிய வெட்டவெளி. ஓரங்களிலும் பள்ளங்களிலும் மட்டும் அடர்ந்த உவர்நீர் நிற்கும். கொசு உள்ளானின் கால் நீளத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீருக்கு மேல் அதனால் மேய முடியாது. ஆகவே மழைக்கு முன் இந்தச் சின்ன உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் மிச்சமிருக்கும் ஈரக் கரைகளில் நெருக்கியடித்து நிற்கும், பார்க்கச் சுலபம். இரண்டு நாள் கனமழை அடித்து, மேலே வயல்களின் வடிகால் நீரும் முள்ளியாறு வழியாக வந்து சேர்ந்தால், அதே இடத்தில் முழங்கால் தண்ணீர். சின்னவை சிதறிப் போய்விடும். நெடுங்கால் உள்ள பூநாரைக்கும், மிதந்து மேயும் ஊசிவால் வாத்து, ஆண்டிவாத்து, நீலச்சிறகிக்கும் அப்போதுதான் இடம் கிடைக்கிறது. ஒரே நாளில் இரண்டும் நிறைய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

காற்றையும் கணக்கில் எடுங்கள். பரந்த ஆழமில்லாத நீர்ப்பரப்பு என்பதால் பலமான காற்று தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். நேற்று சேறாக இருந்த கரை இன்று நனைந்திருக்கும், பறவை அரை கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ‘நேத்து இங்கதான் நின்னுச்சு’ என்று உள்ளூர்க்காரர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. எந்தப் பக்கம் தண்ணீர், எவ்வளவு ஆழம் என்று அன்றன்றைக்கு எழுதிப்போடும் ஒரு கரும்பலகை வாசலில் இருந்தால் வருகிறவர்களுக்குப் பாதி நாள் மிச்சமாகும். அது வரும் வரை சோதனைச் சாவடியில் நிற்கும் வனக்காவலரிடம் கேட்பதுதான் வழி. ‘பூநாரை எங்கே’ என்று கேட்காமல் ‘தண்ணி எந்தப் பக்கம் நிக்குது’ என்று கேளுங்கள். பதில் துல்லியமாக வரும்.

சதுப்புக்கு விடிகாலைதான். நீங்கள் கிழக்கே நின்று மேற்கே பார்க்கிறீர்கள், சூரியன் முதுகுப் பக்கம். அதனால் நிறம், கால், அலகு எல்லாம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் எல்லாம் கறுப்பு நிழலுருவம். அழகுதான், ஆனால் உள்ளான் வகை பிரிக்க உதவாது. இன்னொரு காரணம் கானல். உப்புத் தரை ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் கொதிக்கத் தொடங்கினால் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (ட்ரைபாடில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) 40 மடங்குக்கு மேல் வைத்தால் பறவை நெளியும். உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட மோசமாகுமே தவிரத் தெளியாது. 25, 30-ல் நிறுத்தி, பறவை நடக்கும் விதத்தை வைத்துப் பாருங்கள்: உப்புக்கொத்தி ஓடி, நின்று, கொத்தும், கொசு உள்ளான் நிற்காமல் தையல் மெஷின் போலக் குத்திக்கொண்டே போகும், பவளக்காலி எல்லோருக்கும் முன்னால் கத்திக்கொண்டு எழும்பும். பைனாகுலர் மட்டும் இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 போதும். 10×42 கடற்காற்றில் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

அக்டோபரில் நீண்ட அலகுள்ள கருவால் மூக்கன், பட்டைவால் மூக்கன் கூட்டத்தை மெதுவாக அலசிப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்துச் செம்மை ஒன்றிரண்டில் திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். நவம்பருக்குள் எல்லாம் சாம்பலாகிவிடும், அப்புறம் அடையாளம் காண்பது இன்னும் கடினம். காலில் வளையமோ நிறக்கொடியோ கண்டால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, நிறம் மேலிருந்து கீழாக என்ன வரிசை என்ற மூன்றையும் குறித்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். பறவை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அறிய, பறவையியலாளர் சாலிம் அலி காலத்திலிருந்து அவர்கள் இங்கே வளையமிட்டு வருகிறார்கள். மங்கலான படம்கூட உதவும்.

சதுப்பின் உட்பகுதிகளான நெடுந்திட்டு, கோவைத்தீவு, சிறுதலைக்காடு பக்கமெல்லாம் வனத்துறை அனுமதியும் கூட ஆளும் இல்லாமல் கிடையாது. அனுமதி கிடைத்தாலும் முதல் மழைக்குப் பிறகு வண்டியை நம்பாதீர்கள். மேலே காய்ந்த பொருக்கு, அடியில் வழவழக் களி. பார்வைக்குத் தரை மாதிரி இருப்பதால்தான் ஆபத்து. சக்கரம் ஒருமுறை பொருக்கை உடைத்தால் ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்க உள்ளேதான் போகும். பைக்கானால் பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும். ஏற்கெனவே தடம் விழுந்த மண்பாதையை விட்டு இறங்காதீர்கள். சாலையோரம் நிறுத்தும்போது சீமைக்கருவேல முள்ளையும் பாருங்கள், டியூப் டயர் தாங்காது.

வெயில் ஏறியதும் காட்டுக்குள் வந்துவிடுங்கள். சீசன் தொடக்கத்தின் உண்மையான சரக்கு இங்கேதான் இருக்கிறது, ஏனோ யாரும் சொல்வதில்லை. வடக்கிலிருந்து வரும் குருவிகளுக்கு இது நிலத்தின் முனை. சில இங்கேயே தங்கும், சில மூச்சு வாங்கிக்கொண்டு இலங்கைக்குக் கடல் தாண்டும். அக்டோபரில் ஆறுமணிக்குருவி பாலை மர நிழலில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். பேருக்கு ஏற்ப விடியலிலும் அந்தியிலும்தான் கூப்பிடும், மற்ற நேரம் மௌனம். அதைத் தேடி நடப்பதைவிட, சருகு ஆழமாகக் கிடக்கும் இடத்தில் கால்மணி நேரம் அசையாமல் உட்காருவது பலன் தரும். சருகுச் சத்தம் முதலில் வரும், பறவை அப்புறம் வரும். அரசவால் ஈப்பிடிப்பான் நடுக்கிளை உயரத்தில். பழுப்புக் கீச்சான் காட்டோர முட்செடியின் உச்சியில், யாருக்கும் பயமில்லாமல். டிசம்பரில் போகிறவருக்கு இந்தப் போக்குவரத்தில் பாதி முடிந்திருக்கும். குரங்குகள் உண்டு. பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. சாப்பாட்டை வண்டிக்குள் வைத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றுங்கள்.

புல்வெளி மாலை நாலு மணிக்கு மேல். வெளிமானை மழைக்கு முன் பார்ப்பது எளிது: குடிநீர் குறைவாக இருப்பதால் வனத்துறை நீர் நிரப்பும் தொட்டிகளையும் மிச்சமிருக்கும் குட்டைகளையும் சுற்றியே இருக்கும். மழை பெய்து எங்கும் தண்ணீர் தேங்கிவிட்டால் பரவிவிடும், ஆனால் புதுப்புல் முளைத்து நிலம் பச்சையாக இருப்பதால் படம் நன்றாக வரும். முறுக்குக் கொம்பும் கறுப்பு முதுகும் கிடா. வெளிர் பழுப்பு, கொம்பில்லாதது பெட்டை. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் இருந்தால் அதுபாட்டுக்கு மேயும். இறங்கி நாலடி வைத்தால் ஓட்டம்தான். கூடவே மேயும் மட்டக்குதிரைகள் காட்டு விலங்கல்ல, முன்பு மனிதரிடமிருந்து விடுபட்டுக் காட்டில் பெருகியவை. மானின் புல்லில் பங்கு கேட்பவை என்பதால் இவற்றின் மேல் பறவைக்காரர்களுக்கு அவ்வளவு பிரியமில்லை. ராமர் பாதம் இருக்கும் மணல்மேடு சுமார் நாலு மீட்டர் உயரம், சரணாலயத்திலேயே உயர்ந்த இடம். டெல்டாக்காரருக்கு மலை என்றால் அவ்வளவுதான், ஏறிப் பாருங்கள்.

போக்குவரத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி, வேட்டைக்காரனிருப்பு வழியாக வேதாரண்யம்; மன்னார்குடிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குத் திருத்துறைப்பூண்டி வழி. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப்பாதை 2023 ஏப்ரலில் திறந்தது. பகலில் வந்து சேர ரயில் நன்று, ஆனால் விடிகாலைச் சதுப்புக்கு அதை நம்ப முடியாது. முந்தைய இரவே தங்கிவிடுவதுதான் முறை. கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது, நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் மூலம் முன்கூட்டியே கேட்க வேண்டும். சௌகரியம் எதிர்பார்க்கிறவர்கள் வேதாரண்யத்தில் லாட்ஜ் போட்டுவிட்டு நாலரைக்கு எழுந்துகொள்ளட்டும். வாயில் திறக்கும் நேரத்தை முந்தைய நாள் மாலையே சாவடியில் உறுதி செய்யுங்கள். கட்டணத்துக்குச் சில்லறை நோட்டு வைத்திருங்கள். பெட்ரோல், குடிநீர், காலைச் சாப்பாடு மூன்றையும் வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் அதிகமில்லை, உப்பளக் காற்று தாகத்தை இரட்டிப்பாக்கும். பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

தேதி பார்க்கும்போது நாட்காட்டியில் அமாவாசையையும் பாருங்கள். மகாளய அமாவாசை பெரும்பாலும் சீசனின் முன்விளிம்பில் விழும். அன்று கோடியக்கரைக் கடலில் முழுக்குப் போட வரும் கூட்டத்துக்கு நடுவே சாலையில் பறவை பார்க்க நிற்க முடியாது. அக்டோபரில் மீன்பிடி சீசனும் தொடங்குகிறது. வெளியூர் மீனவர்கள் வந்து கொட்டகை போட்டுத் தங்கும் மாதங்கள் இவை. படகு கரையேறும் நேரத்தில் மீன் பிடிக்கும் கடற்பறவையான ஆலாவும், கடற்காகமும் செம்பருந்தும் அங்கேதான் கூடும். ஆலா வகைகளை அருகில் நின்று பிரித்துப் பழக அதைவிட நல்ல இடம் சரணாலயத்துக்குள்ளும் இல்லை. வலைக்கும் ஏலத்துக்கும் குறுக்கே நிற்காமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று அறிவிப்பு வந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரை கடந்தது இந்தப் பக்கம்தான். காட்டில் எவ்வளவு மரம் போனது என்பதை இங்குள்ளவர்களிடம் கேட்டாலே போதும். சாதாரண மழையாக இருந்து விடுப்பும் வீணாகக்கூடாது என்றால், மன்னார்குடி–தஞ்சாவூர் சாலையில் வடுவூர் ஏரி அல்லது முத்துப்பேட்டைப் பக்கம் உதயமார்த்தாண்டபுரம். இரண்டும் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரிகள், இரண்டுக்கும் மேட்டூர்த் தண்ணீர் ஆதாரம். கரையில் நின்றே நத்தைகுத்தி நாரையைப் பார்த்துவிடலாம், சேற்றில் இறங்க வேண்டியதில்லை.

வீடு வந்ததும் ட்ரைபாட் கால்களை முழுக்க இழுத்து நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்பு பூட்டுத் திருகில் தங்கினால் அடுத்த தடவை திருகு திரும்பாது. லென்ஸை முதலில் ஊதி, அப்புறம்தான் துடைக்க வேண்டும். உப்புத்தூளோடு தேய்த்தால் பூச்சு கீறும். பைக்கானால் செயினைக் கழுவி உலர்த்தி எண்ணெய் விடுங்கள், காரானால் அடிப்பாகத்துக்குத் தண்ணீர் அடியுங்கள். இதை மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.