வீட்டு வரி, குப்பைக் கட்டணம்: சென்னையா, பெங்களூருவா, மும்பையா?

2022-இல் சென்னையில் சொத்து வரி ஏறியபோது எங்கள் வீட்டு ஓனர் அம்மா ரசீதை எடுத்துவந்து காட்டினார். 600 சதுர அடிக்குள் அடங்கும் சின்ன ஃபிளாட். பழைய மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் 50 சதவீதம் உயர்வு. அரையாண்டுக்கு 600 ரூபாயாக இருந்தது 900 ஆகியிருந்தது. மாதக் கணக்கில் பார்த்தால் 50 ரூபாய்தான். வாடகை ஏறியதோ 500 ரூபாய். "வரி ஏத்திட்டாங்கப்பா, நான் என்ன பண்றது" என்றார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த ஊர் வரி முறையைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: சின்ன வீட்டில் வாடகைக்கு இருப்பவர் தலையில் இது எவ்வளவு இறங்கும்?

சென்னையின் அடிப்படை, வாடகை மதிப்பு. இந்த வீடு இந்தத் தெருவில் என்ன வாடகைக்குப் போகும் என்று மாநகராட்சி ஒரு சதுர அடி விலை வைத்திருக்கிறது. அதை வைத்து ஆண்டு மதிப்பு, அதில் குறிப்பிட்ட சதவீதம் வரி. முறையில் பெரிய தவறில்லை. கோளாறு எங்கே என்றால், பழைய சென்னையில் 1998-க்குப் பிறகு 24 வருடம் அந்த மதிப்பைத் தொடாமல் விட்டதில்தான். நடுவில் 2018-இல் ஒரு முயற்சி நடந்தது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு 50 சதவீதம், வாடகை வீட்டுக்கு 100 சதவீதம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் வாடகை வீட்டுக்கும் 50 என்றார்கள். 2019 நவம்பரில் மொத்த உயர்வையே நிறுத்தி வைத்தார்கள். கடைசியில், வரியைத் திருத்தினால்தான் மத்திய நிதிக்குழு மானியம் என்ற நிலை வந்தபோது, 2022-இல் ஒரே அடியாக ஏறியது. 600 சதுர அடிவரை 50, 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். பெரிய வீட்டுக்குக் கூடுதல் ஏற்றம் என்பது நியாயம்தான், அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் 24 வருடப் பாக்கியை ஒரே ரசீதில் பார்த்த ஓனர் அதை வாடகையில்தானே தீர்த்துக்கொள்வார்? 2024-இல் 6 சதவீத உயர்வுக்கு மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. பலருக்கு அது எரிச்சல். எனக்கு, வருடா வருடம் தெரிந்த அளவில் கொஞ்சமாக ஏறுவதே மேல்.

பெங்களூரு 2008-இல் வேறு வழிக்குப் போனது. நகரத்தை ஏ முதல் எஃப் வரை ஆறு மண்டலமாகப் பிரித்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை வைத்தது. வீட்டுக்காரர் தானே கணக்குப் போட்டுக் கட்டலாம், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. இது சென்னைக்கும் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறேன், அந்த விலைப் பட்டியலைப் பார்க்கும் வரை. கடைசி மண்டலமான எஃப்-இல், 2008 விலைப்படி, சொந்தக் குடியிருப்புக்குச் சதுர அடிக்கு 1 ரூபாய், வாடகைக்கு விட்டால் 2 ரூபாய். எல்லா மண்டலத்திலும் அதே இரண்டு மடங்கு. வருமானம் வரும் வீடு, அதனால் கூட வரி என்பது வாதம். அந்த வருமானம் யார் பையிலிருந்து வருகிறது என்று யோசித்தால் வாதம் நிற்காது. சென்னையிலும் சொந்தமாகக் குடியிருப்பவருக்குத்தான் சலுகை.

மும்பை நேராக வீட்டின் சந்தை மதிப்புக்கே வரி போடுகிறது, 2010 முதல். அந்த விதிகளில் சிலவற்றை நீதிமன்றம் செல்லாது என்றது, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மனை விலை ஏறுவதால் உள்ளே இருக்கும் ஓய்வூதியக்காரருக்கு ஒரு ரூபாயும் கூடப் போவதில்லை, வரி மட்டும் கூடும். இருந்தாலும் மும்பை செய்த ஒரு காரியத்தில் எனக்கு ஆசை உண்டு. 2022 தொடக்கத்தில் 500 சதுர அடிவரை உள்ள வீடுகளுக்குச் சொத்து வரியே வேண்டாம் என்று அறிவித்தார்கள். 510 சதுர அடிக்காரர் முழு வரி கட்ட வேண்டியிருப்பது குறைதான். ஆனாலும் வரியைச் சொல்லி வாடகை ஏற்றச் சின்ன வீட்டுக்காரருக்குக் காரணமே இல்லை.

குப்பைக் கட்டணத்தில் மட்டும் பெங்களூருதான் என் தேர்வு. 2025 ஏப்ரல் முதல் 600 சதுர அடிவரை மாதம் 10 ரூபாய், 4,000-க்கு மேல் போனால் 400 ரூபாய், நடுவில் படிப்படியாக. சென்னையிலும் 2021 ஜனவரி முதல் வீடுகளுக்கு 10 ரூபாயிலிருந்து 100 ரூபாய் வரை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது, வந்த வேகத்தில் நிறுத்தப்பட்டது. மாளிகைக்கும் 100 ரூபாயில் முடித்துவிடுவது சரியில்லை.

அப்புறம் இன்னொன்று. சென்னையில் 2018 வரி உயர்வும் அந்தக் குப்பைக் கட்டணமும் அறிவிக்கப்பட்டபோது கவுன்சிலர் என்று யாரும் கிடையாது. 2016 கடைசியிலிருந்து 2022 தேர்தல் வரை அதிகாரிகள் ஆட்சிதான். பெங்களூரு 2025-இல் கட்டணம் போட்டபோதும் அங்கே மன்றம் இல்லை, 2020-லேயே பதவிக்காலம் முடிந்திருந்தது. யாரிடம் போய்க் கேட்பது?

2022-இல் 200 வார்டுக்கும் ஆள் வந்தார்கள். எங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுக்க இரண்டு கோரிக்கை எழுதி வைத்திருக்கிறேன். வாடகை வீடு, சொந்தக் குடியிருப்பு என்ற பேதத்தை 600 சதுர அடிவரையாவது எடுத்துவிட வேண்டும். வரி ரசீதில் "மாதத்துக்கு இவ்வளவு" என்று ஒரு வரி அச்சடிக்க வேண்டும். எங்கள் ரசீதில் அது இருந்திருந்தால் 150 ரூபாய் என்று போட்டிருக்கும்.