சிறு காற்றுக்குத் தாங்கும் கூரை: சேலத்துப் பணிக்குழு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துக் கொட்டகையின் தகரக் கூரையைக் கோடை மழையோடு வந்த காற்று ஓர் ஓரமாகப் பிய்த்துவிட்டதால், சேலத்திலிருந்து ஒரு பணிக்குழுவை வரவழைத்துக் கூரை முழுவதையும் மாற்றினோம். பெயர்ப் பலகை வைத்த கடை எதுவும் அவர்களுக்கு இல்லை. செவ்வாய்பேட்டையில் தகடு விற்கும் இடங்களில் விசாரித்தால் இத்தகைய குழுக்களின் தொலைபேசி எண் கிடைக்கும்.

கூரை வேலையை எந்தக் காற்றை வைத்து மதிப்பிடுவது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரும்புயலில் கூரை போனால் மேஸ்திரியைக் குறை சொல்ல முடியாது. கடலில் மேகத்திலிருந்து நீர்ப்பரப்பு வரை யானைத் தும்பிக்கை போலத் தொங்கும் நீர்ச்சுழல், வலுவிழந்த நிலையில் கரையேறும்போது உண்டாகும் சேதமே இதற்குப் பொருத்தமான அளவுகோல் என்று நான் கருதுகிறேன். வெதுவெதுப்பான நீரின்மேல், வளர்ந்துகொண்டிருக்கும் திரள்மேகத்தின் அடியில் உருவாகும் இவ்வகைச் சுழல் பெரும்பாலும் 20 நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். தரையைத் தொட்டதும் ஈரக்காற்றின் வரத்துக் குறைந்து விரைவிலேயே கலைந்தும் போகும். அமெரிக்க வானிலைத் துறை கரையேறிய நீர்ச்சுழலை டொர்னாடோ, அதாவது தரையில் வீசும் சுழற்காற்று, என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவற்றில் வலுக்குறைந்தவை, சேதத்தைக் கொண்டு சுழலின் வலுவை மதிப்பிடும் மேம்பட்ட புஜிதா அளவின் கீழ்ப்படியான இ.எஃப். 0-இல், அதாவது மணிக்கு 105 முதல் 137 கி.மீ. வேகத்துக்குள், அடங்குகின்றன. இந்தக் காற்றில் நல்ல சுவர் இடிவதில்லை. சரியாகப் பிணைக்கப்படாத தகரமும் கீற்றும் விளம்பரப் பலகையுமே பறக்கின்றன.

எங்கள் தோட்டத்தில் அடித்தது சுழல் அன்று. ஒடிந்த சில்வர் ஓக் கிளைகள் எல்லாம் ஒரே திசை நோக்கிக் கிடந்தமையால், இடிமேகத்திலிருந்து கீழிறங்கிப் பரவிய காற்றே அது என்று கொள்ளலாம். ஆயினும் சேதம் அதே வகையைச் சேர்ந்தது: இறவாரத்தை ஒட்டிய தகடுகள் மட்டும் போயின, நடுவில் இருந்தவை அசையவில்லை.

இதற்குக் காரணம், காற்று கூரையைத் தள்ளுவதைவிட மேல்நோக்கி இழுப்பதே அதிகம் என்பதுதான். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ எடைக்குச் சமம். அரை மில்லிமீட்டர் தகடோ அதே பரப்புக்கு 5 கிலோகூட எடை இராது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். அந்த இழுவை ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் மிகக் கடுமையாக இருக்கும் என்பதால், அங்கே திருகுகள் நெருக்கமாக இருந்தாக வேண்டும். முன்பு கூரை போட்டவர்கள் ஓரத்திலும் நடுவிலும் ஒரே இடைவெளியில் திருகு அடித்திருந்தார்கள். வாஷர்களின் ரப்பரும் வெயிலில் வெடித்துப் போயிருந்தது.

புதிய குழுவின் மேஸ்திரி வந்தவுடன் தகட்டைப் பார்க்கவில்லை. ஏணியில் ஏறி, தகட்டைத் தாங்கும் இரும்புப் பைப்பைக் கையால் அசைத்துப் பார்த்தார். அது சுவரின்மேல் வெறுமனே உட்கார்ந்திருந்தது. “இதைக் கட்டாம மேல எத்தனை ஸ்க்ரூ அடிச்சாலும், தகரம் பைப்போட சேர்ந்துதாங்க போகும்” என்றார். நான் கொடுத்த பணத்தில் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்கே தகும். பைப்புகளைத் தகடு வைத்து, போல்ட் போட்டுச் சுவரோடு பிணைத்த பிறகே கூரையில் கைவைத்தார்கள். ஓரங்களில் திருகுகளை நெருக்கி, தேவையின்றி நீண்டிருந்த இறவாரத்தைக் குறைத்து, பழைய துளைகள் எதையும் மீண்டும் பயன்படுத்தாமல் வேலையை முடித்தார்கள். தடித்த தகடு வாங்குங்கள் என்று விற்பனையாளர் வற்புறுத்தியபோது, அந்தப் பணத்தைப் பிணைப்புக்குச் செலவிடலாம் என்று மேஸ்திரியே மறுத்ததும் குறிப்பிடத் தக்கது.

குறைகளும் உண்டு. முகட்டுத் தகடுகளின் மேற்படிவை, அதாவது ஒன்றின்மேல் ஒன்று படியும் விளிம்பை, காற்று வழக்கமாக வரும் பக்கத்தை நோக்கித் திறந்திருக்குமாறு வைத்துவிட்டார்கள். சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல் கழற்றி மாற்றினார்கள் என்றாலும், நான் கீழே நின்று பார்க்காமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். துளையிட்டபோது சிதறிய இரும்புத் துகள்களைப் பெருக்காமல் இறங்கியதால், முதல் மழைக்கே புதுத் தகட்டில் துருப்புள்ளிகள் தோன்றிவிட்டன. இதனால் கூரை பறந்துவிடாது. ஆனால் பூச்சின் ஆயுளைக் குறைக்கும்.

கட்டணத்தைப் பற்றி ஒரு சொல். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் நீளத் தகடுகளை ஏற்றி வருவது எளிதன்று என்பதால், வண்டி குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தது. அதற்கான வாடகை முதலில் சொன்ன தொகையில் சேர்ந்திருக்கவில்லை. மலைக்கு மேல் வேலை கொடுப்பவர்கள் வண்டி வாடகையையும் ஆட்களின் தங்கும் செலவையும் தனித்தனியே கேட்டுக்கொள்வது நல்லது.

காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் எங்கள் பல்ப்பிங் இயந்திரம் இருக்கும் சிறு கொட்டகைக்கும் இவர்களையே அழைக்கப் போகிறோம். இம்முறை முகட்டின் மேற்படிவுத் திசையையும் துகள் பெருக்குவதையும் முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வோம்.