எம்ஜிபி எஞ்சினை வீட்டில் கட்டி, நான்கு பந்தயப் பருவங்கள் ஓட்டிய பிறகு

இங்கிலாந்தில் என் வீட்டுக் கராஜில், 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றின் எஞ்சினைக் கடைசித் திருகு வரை பிரித்து, பந்தயத்துக்கு ஏற்றபடி மறுபடியும் கட்டினேன். 2021 முதல் 2024 வரை நான்கு பருவங்கள் மலையேற்றப் பந்தயங்களிலும் (மேட்டுப் பாதையில் நேரம் வைத்து ஓட்டும் கார் பந்தயம்) சில சர்க்யூட் பந்தயங்களிலும் அந்த எஞ்சினை ஓட்டியிருக்கிறேன். எஞ்சின் கட்டி முடித்த வாரத்திலேயே எழுதப்படும் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான்கு ஆண்டு அடிபட்ட பிறகு உள்ளே எது நிலைத்தது, எது தேய்ந்தது என்று சொல்லும் குறிப்புகள் குறைவு என்பதால், என் குறிப்பேட்டைப் பார்த்து இதை எழுதுகிறேன்.

எம்ஜிபியைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் உதிரிபாகம். 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் கட்டப்பட்டதால், இன்றும் இதன் பிஸ்டன் முதல் வாஷர் வரை எதையும் புதிதாக வாங்க முடிகிறது. இரண்டாவது காரணம் எஞ்சினின் உறுதி. 1963-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய எம்ஜிபி, தொடக்கத்திலேயே மணலில் புதைந்து, ஓட்டுநர் தானே தோண்டி எடுப்பதற்குள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் இழந்தது. அப்படியிருந்தும் ஒட்டுமொத்தத்தில் 12-ஆவதாகவும் தன் பிரிவில் முதலாவதாகவும் வந்தது. அந்தக் காரில் இருந்ததும் இதே பி-சீரிஸ் வார்ப்பிரும்பு எஞ்சின்தான்.

ஆனால் இது வேகச் சுழற்சிக்காகப் பிறந்த எஞ்சின் அன்று. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 80.26 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 88.9 மி.மீ.; அதாவது அகலத்தைவிட நீளம் கூடியது. கொள்ளளவு 1798 சி.சி., ஆரம்பகாலக் கார்களில் திறன் 95 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 6,200 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகமே வினாடிக்கு 18 மீட்டரைத் தாண்டுகிறது. அதற்கு மேல் போகப் போக கிராங்கும் (எஞ்சினின் சுழலும் தண்டு), பிஸ்டனை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் வாங்கும் அடி மிக வேகமாகக் கூடுகிறது. தொழிற்சாலை கிராங்கையும் ராடுகளையுமே பயன்படுத்துவது என்று முடிவு செய்ததால், 6,200-க்கு மேல் போவதில்லை என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். நான்கு பருவங்களில் ஒரே ஒரு முறை, தவறான கியர் விழுந்தபோது மட்டும், அந்தக் கோட்டைத் தாண்டினேன்.

2019 குளிர்காலத்தில் எஞ்சினை இறக்கிப் பிரித்தேன். சுமார் 160 கிலோ எடையுள்ள அதை ஒருவரே கையாள வேண்டுமென்றால் மடக்கு கிரேனும் சுழலும் ஸ்டாண்டும் அவசியம். இரண்டையும் பழையதாகவே வாங்கினேன். ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் இருக்கும் பகுதி) அழுத்தச் சோதனைக்கு அனுப்பியபோது நடுச் சிலிண்டர்களின் வால்வு இருக்கைகளுக்கு இடையே விரிசல் இருப்பது தெரிந்தது. இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் ஒரே வழியாக வெளியேறுவதால் சூடு அங்கே குவிகிறது. இந்த ஹெட்டுகள் அங்கேதான் பெரும்பாலும் விரிசல் விடுகின்றன. வேறொரு நல்ல ஹெட் வாங்கி, கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் இருக்கைகளைப் பொருத்தினேன். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றுவிட்டதால், பந்தயத்துக்கு ஓட்டும் காரில் இந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது.

சிலிண்டர்களை 0.030 அங்குலம் ரீபோர் செய்தேன் (உட்சுவரைக் கடைந்து அகலமாக்குவது). கொள்ளளவு 1833 சி.சி. ஆயிற்று. 0.060 வரை போகலாம் என்று பலர் சொன்னார்கள். பிளாக்கின் தேய்மானம் 0.030-இலேயே சுத்தமாகப் போய்விட்டதால், மிச்சமிருக்கும் உலோகத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டேன். 35 சி.சி. கூடுதலால் மேட்டில் கிடைக்கும் நன்மையை விட, இன்னொரு முறை ரீபோர் செய்ய இடம் இருப்பது பெரிது என்பது என் கணக்கு. கிராங்கை 0.010 அங்குலம் அரைத்து, ராடுகளோடும் ஃபிளைவீலோடும் சேர்த்துச் சமநிலைப்படுத்தினார்கள். இந்த மூன்றும் பட்டறை வேலை. வீட்டில் செய்ய முயலவே கூடாதவை.

பட்டறையிலிருந்து திரும்பிய பிளாக் 'கழுவித் தயார்' என்ற சீட்டோடு வந்தது. பார்வைக்கும் பளபளவென்றுதான் இருந்தது. ஆயில் போகும் வழிகளின் பித்தளை அடைப்புகள் மட்டும் கழற்றப்படாமல் இருந்தன. அவற்றைத் துளையிட்டு எடுத்து, நீண்ட நைலான் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து உள்ளே விட்டு இழுத்தபோது, மை போலக் கறுத்த சேறு வெளியே வந்தது. அதை வெள்ளைத் துணியில் வடித்து, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மணல் மணலாக மின்னியது. சிலிண்டர் சுவரைத் தேய்க்கும் ஹோனிங் கல்லின் துகளும் ஐம்பது ஆண்டுக் கசடும் கலந்த அந்த மாவு, முதல் ஸ்டார்ட்டிலேயே புதிய பேரிங்குகளுக்குள் நேராகப் போயிருக்கும். வெந்நீர், சோப்பு, பிரஷ், காற்று என்று இரண்டு நாள் கழுவி, துணி வெள்ளையாகவே வெளிவரும் வரை நிறுத்தவில்லை. அடைப்புகளுக்குப் பதிலாகத் திருகு பிளக்குகளைப் போட்டேன். அடுத்த முறை கழற்றுவது எளிதாகிவிட்டது. இந்த நான்கு ஆண்டில் எஞ்சினுக்கு நான் செய்தவற்றில் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால், அந்த இரண்டு நாள் கழுவலைத்தான் சொல்வேன்.

பேரிங் இடைவெளியை அளக்க பிளாஸ்டிகேஜ் என்னும் மெழுகு நூலைப் பயன்படுத்தினேன். நூலைக் கிராங்கின் மேல் வைத்து, பேரிங் மூடியை அதற்குரிய 95 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிக் கழற்றி, நசுங்கிய அகலத்தை அளவுத்தாளோடு ஒப்பிட வேண்டும். ஐந்து மெயின் பேரிங்குகளில் நான்கு 0.045 மி.மீ. காட்டின, நடுவிலுள்ளது மட்டும் 0.02 காட்டியது. நூல் மாற்றி மூன்று முறை அளந்தும் அதே விடைதான் வந்தது. ஷெல்லை (பேரிங்கின் அரைவட்டத் தகடு) வெளியே எடுத்து, அதன் முதுகை விரல் நுனியால் தடவியபோது ஓரிடத்தில் இடறியது. கடுகில் கால்வாசி கூட இல்லாத ஓர் உலோகச் சிம்பு ஷெல்லுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே சிக்கியிருந்தது. அதைத் துடைத்தெடுத்து மறுபடி இறுக்கினேன்; 0.045 வந்தது. அளக்காமல் மூடியிருந்தால் அந்த ஷெல் முதல் பந்தயத்தைத் தாண்டியிருக்காது. பிஸ்டன் ரிங் இடைவெளியை ஒவ்வொன்றாக அரம் பிடித்து 0.35 மி.மீ. வைத்தேன், கிராங்கின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜால் பார்த்து 0.10 மி.மீ.யில் நிறுத்தினேன்.

கம்ப்ரஷன் விகிதத்தை 9.75 என்று தீர்மானித்தேன். ஒரு சிலிண்டருக்கு 458 சி.சி. என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் மொத்தம் 52.4 சி.சி. இருக்க வேண்டும். கண்ணாடித் தகடும் பியூரெட்டும் (அளவு குறித்த கண்ணாடிக் குழாய்) வைத்து ஹெட்டின் நான்கு அறைகளையும் அளந்தபோது, அவற்றுக்குள்ளேயே ஒரு சி.சி.க்கு மேல் வேறுபாடு இருந்தது. சிறியவற்றைத் தேய்த்துப் பெரியதற்குச் சமமாக்கினேன். இந்த எஞ்சினில் சிலிண்டர்களுக்குள் சமம் கொண்டுவருவது எளிதன்று. முதலிரண்டு சிலிண்டர்களுக்கு ஓர் இன்லெட் வழி, கடைசி இரண்டுக்கு இன்னொன்று. எரியும் வரிசை 1-3-4-2 என்பதால் இரண்டாவது மூச்சிழுத்த கையோடு முதலாவது இழுக்கிறது, மூன்றாவதை அடுத்து நான்காவது இழுக்கிறது. பிறகு நீண்ட இடைவெளி. ஆகவே நடுச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக் நிறமும் ஓரச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக் நிறமும் என்றைக்கும் ஒன்றுபோல் வராது. ஒரு முழுப் பருவம் கார்புரேட்டர் ஊசிகளை மாற்றி மாற்றிப் போட்ட பிறகே இதை ஏற்றுக்கொண்டேன். நான்கில் மிகவும் வெளுத்திருக்கும், அதாவது பெட்ரோல் குறைவாகப் பெறும், பிளக்கைப் பார்த்துக் கலவையை வைப்பதுதான் பாதுகாப்பு.

இனி, நடந்த ஒரு பெரிய கேடு. வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில் மிதமான பந்தய வகை ஒன்றை, அதன் மேல் உரசி ஓடும் புதிய டாப்பெட்டுகளோடு போட்டிருந்தேன். முதல் ஸ்டார்ட்டில், சொல்லப்பட்டபடியே எஞ்சினை ஐடிலில் விடாமல், 2,000 முதல் 2,500 சுழற்சியில் இருபது நிமிடம் ஓடவிட்டேன். 2021-இன் மூன்றாம் நிகழ்வுக்குப் பிறகு வால்வு இடைவெளிகளைப் பார்த்தபோது, 0.38 மி.மீ. வைத்திருந்த ஐந்தாவது வால்வு 0.60 காட்டியது. ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) தேய்ந்திருக்கலாம் என்று எண்ணிச் சரிசெய்துவிட்டு அடுத்த நிகழ்வுக்குப் போனேன், அது தவறு. திரும்பி வந்து பார்த்தால் அதே வால்வு மறுபடியும் விலகியிருந்தது. ஆயில் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். சாம்பல் நிற மினுக்கம். காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் அத்தனையும் அதில் ஒட்டிக்கொண்டது. எஞ்சினின் பக்க மூடியைக் கழற்றி டாப்பெட்டை எடுத்தபோது, கண்ணாடிபோல் இருக்க வேண்டிய அதன் முகம் குழிந்து அம்மைத் தழும்பாகக் கிடந்தது. கேமின் அந்த முனையும் உருண்டிருந்தது. எனக்கு விற்கப்பட்ட டாப்பெட்டுகள் போதிய அளவு கடினப்படுத்தப்படாதவை என்று, அவற்றைச் சோதித்த பட்டறை சொன்னது.

உலோகப் பொடி சுற்றிவந்த எஞ்சின் என்பதால் மொத்தத்தையும் மறுபடி இறக்கிக் கழுவினேன். அந்தப் பருவத்தின் பாதி அதில் போனது. இரண்டாம் முறை கேமும் டாப்பெட்டும் ஒரே இடத்தில், கடினத்தன்மை அளந்த சான்றோடு வாங்கினேன். இன்னொரு சோதனையும் கற்றுக்கொண்டேன். கேமின் முனை சற்றே சரிவாகவும் டாப்பெட்டின் முகம் சற்றே குவிந்தும் இருப்பதால், ஓடும்போது டாப்பெட் தன்னைத்தானே மெல்லச் சுற்ற வேண்டும். சுற்றாதது சில நிமிடங்களில் தேய்ந்து அழியும். டாப்பெட்டிலிருந்து ராக்கருக்குப் போகும் எட்டு புஷ்ராடுகளிலும் பேனாவால் ஒரு கோடு போட்டு, ராக்கர் மூடியில்லாமல் சிறிது நேரம் ஓடவிட்டால், கோடு சுற்றுகிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். அந்தக் கேம் மூன்று பருவங்களாக இருக்கிறது, இடைவெளி 0.03 மி.மீ.க்கு மேல் ஒருமுறையும் நகரவில்லை.

ஆயிலைப் பற்றி என் கருத்து உறுதியானது. புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி மாற்றிகளைக் காப்பதற்காக இன்றைய கார் ஆயில்களில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள்; இப்படி உரசி ஓடும் டாப்பெட் உள்ள எஞ்சினுக்கு உயிர்நாடியே அந்தச் சேர்மம்தான். பழைய கார்களுக்கென்று விற்கப்படும் 20டபிள்யூ-50 ஆயிலையே ஊற்றி, இரண்டு நிகழ்வுக்கு ஒருமுறை மாற்றுகிறேன், ஒவ்வொரு ஃபில்டரையும் வெட்டிப் பார்க்கிறேன். மலையேற்றப் பந்தயத்தில் எதிர்பாராத ஆபத்து சூடு அன்று, குளிர். 1905 முதல் பந்தயம் நடக்கும் ஷெல்ஸ்லி வால்ஷ் பாதையின் நீளம் 914 மீட்டர்தான். ஒரு நிமிடத்துக்குள் ஓட்டம் முடிந்துவிடும். தண்ணீர் சூடேறியிருந்தாலும் ஆயில் கெட்டியாகவே இருக்கும்; அந்த நிலையில் 6,000 சுழற்சிக்கு ஏற்றுவது பேரிங்குக்குச் செய்யும் கொடுமை. ஆயில் 60 டிகிரியைத் தொடாமல் நான் தொடக்கக் கோட்டுக்குப் போவதில்லை. ஆயில் கூலரிலும் தெர்மோஸ்டாட் வைத்திருக்கிறேன்.

சர்க்யூட்டில் சிக்கல் வேறு. பிராண்ட்ஸ் ஹேட்ச் சர்க்யூட்டின் கடைசி நீண்ட வளைவில், 60 பிஎஸ்ஐ-யில் நிற்க வேண்டிய ஆயில் அழுத்த முள் ஒரு கணம் 30-க்கு இறங்குவதை முதல் பருவத்திலேயே கண்டேன். ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். சம்ப்பில் (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) தடுப்புத் தகடுகள் பற்றவைத்த பிறகு அந்த இறக்கம் நின்றது. சர்க்யூட்டுக்குப் போக நினைப்பவர்கள் கேமுக்கு முன் இந்தத் தகடுகளுக்குச் செலவிடுவது நல்லது.

கருவிகளில், பழையதாக வாங்கிய மைக்ரோமீட்டர் இன்றும் துல்லியமாக இருக்கிறது. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சுகளில் மலிவான ஒன்று எட்டு சதவீதம் கூடுதலாக இறுக்கியதைச் சரிபார்ப்பில் கண்டு மாற்றினேன். ஹெட் நட்டுகளை முதல் சூட்டுக்குப் பின் ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி மறுபடி 65 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியதால், கேஸ்கெட் இதுவரை கசியவில்லை. இரண்டாவது கேமையும் மறுவேலையையும் தவிர்த்தால், பட்டறைக் கூலியும் பாகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 4,000 பவுண்டு ஆயிற்று.

2024 பருவம் முடிந்ததும் எடுத்த அளவுகள் இவை. முதலில் 178 முதல் 182 பிஎஸ்ஐ வரை இருந்த சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அழுத்தம் இப்போது 175, 174, 170, 174. சூடான எஞ்சினில் 3,000 சுழற்சியில் ஆயில் அழுத்தம் 62 பிஎஸ்ஐ. சக்கரத்தில் அளந்த திறன் 97 குதிரைத்திறனிலிருந்து 95-க்கு வந்திருக்கிறது. சம்ப்பை இறக்கி, நடு மெயின் பேரிங்கின் கீழ் ஷெல்லை மட்டும் எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறப் பூச்சு முழுதாக இருக்கிறது, விளிம்போரம் ஒரு விரல் நக அகலத்துக்கு மட்டும் மெருகேறியிருக்கிறது. இடைவெளி 0.05 மி.மீ. அதே ஷெல்லைத் துடைத்து, ஆயில் தடவி, திரும்ப மாட்டினேன். மூன்றாம் சிலிண்டரின் 170 ஏன் என்று பார்க்க, இந்தக் குளிர்காலத்தில் ஹெட்டை மட்டும் கழற்றப் போகிறேன்.