நீல மையில் எழுதிய ‘பெட் இல்லை’

பெரியம்மா மஞ்சள் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டிய, பெரியப்பாவின் கொரோனா சிகிச்சைக்கான மருத்துவமனை ரசீதின் பதினேழாவது வரியில் ‘பி.பி.இ. கிட் – 84’ என்று அச்சிட்டிருந்தது. மருத்துவப் பணியாளர்கள் உடுத்தும் கவச உடைதான் அது. ஒன்று 1,150 ரூபாய் என்ற கணக்கில் 96,600 ரூபாய். பொங்கலுக்காக மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்த என்னை, கரும்பையும் காணும் பொங்கலையும் மறக்கடித்துப் பித்துப் பிடித்தவன்போல் அலைய வைத்தது அந்த ஒரே வரிதான். விமானம் நேரத்துக்கு இறங்கியது, தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம் நன்றாக நடந்தது. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இலண்டனில் ஒரு பொது மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எந்த ரசீதைப் பார்த்தாலும் மனத்துக்குள் கூட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் அதனால் வந்தது. பெரியப்பா 2021 மே 10 அன்று, ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், மாவட்டத் தலைநகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுப் பதினான்கு நாள் கழித்து வீடு திரும்பினார். ஒரு நாளைக்கு ஆறு கவச உடைகள் அவர் ஒருவருக்காகவே உடுத்திக் கழற்றப்பட்டன என்றால் அந்த வார்டில் இருந்த மற்ற நோயாளிகளை யார், எதை உடுத்திக்கொண்டு பார்த்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆறு உடைக்கு 6,900 ரூபாய். 2020 ஜூனில் தமிழக அரசு தனியார் மருத்துவமனைகளுக்கு விதித்த கட்டண வரம்பில், அறிகுறி குறைந்தவர்களுக்கான பொது வார்டின் நாள் கட்டணமே அதிகபட்சம் 7,500 ரூபாய்தான். மொத்தப் பில் 4,86,350 ரூபாய். அதைக் கட்டுவதற்காக ஆற்றங்கரைப் பக்கத்து மூன்று மா (ஏறத்தாழ ஓர் ஏக்கர்) நிலம் ஒத்திக்குப் போனது, இன்னும் மீளவில்லை.

இத்தனைக்கும் பெரியப்பாவிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை இருந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு வந்தவர். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுத்து, கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று கைரேகை வைத்து வாங்கிய அட்டை அது. அவர் சேர்க்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு, மே 7 அன்று, பதவியேற்ற கையோடு ஸ்டாலின் கையெழுத்திட்ட ஐந்து ஆணைகளில் ஒன்று, அட்டைதாரர்கள் தனியார் மருத்துவமனையில் பெறும் கொரோனா சிகிச்சையின் செலவை அரசே ஏற்கும் என்பது. அந்தச் செய்தியை இலண்டனில் விடியற்காலையில் படித்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று தம்பிக்குத் தகவல் அனுப்பியவன் நான்தான். அந்த வாரம் முழுக்க இங்கிருந்தபடியே ஆக்சிஜன் படுக்கை கேட்டு அரசின் கட்டளை மையத்துக்கு ட்விட்டரில் எழுதிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். ஒன்றுவிட்ட தம்பி ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்துக்காகத் திருச்சியில் இரவெல்லாம் வரிசையில் நின்றான். அரசு விலையில் குப்பி ஏறத்தாழ 1,500 ரூபாய். வெளியே என்ன விலை சொன்னார்கள் என்பதை அந்த மே மாதத்தைக் கடந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சள் பையில் ரசீதோடு அந்த அட்டையின் ஜெராக்ஸ் நகலும் இருந்தது. அதன் பின்பக்கத்தில், கையெழுத்தோ முத்திரையோ தேதியோ எதுவுமில்லாமல், நீல நிறப் பந்துமுனைப் பேனாவால் ‘பெட் இல்லை’ என்று இரண்டே சொற்கள். காப்பீட்டில் படுக்கை இல்லை, பணம் கட்டினால் உண்டு என்பது அதன் பொருள் என்று பெரியம்மா விளக்கினார். அவசரத்தில் எழுதியதுபோலத் தெரியவில்லை. ‘ட்’டுக்குப் புள்ளி வட்டமாக, நிதானமாக வைக்கப்பட்டிருந்தது.

நான் அந்த மருத்துவமனைக்கு மூன்று முறை போனேன். முதல்முறை போனபோது, கணக்கு பார்ப்பவர் கும்பாபிஷேகத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டாம் முறை, மென்பொருள் மாறிவிட்டதால் 2021 பில்கள் கணினியில் ஏறாது என்றார்கள். மூன்றாம் முறை பில் பிரிவில் இருந்த இளைஞர் என்னை உட்கார வைத்துக் காப்பி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, “சார், கார்டு குடுத்ததாவே எங்க ரெக்கார்டுல இல்லையே” என்றார். நகலின் பின்பக்கத்தைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது யாரு வேணா எழுதிருக்கலாம் சார்” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில் மருத்துவமனை முன் அனுமதி கேட்டால்தான் நோயாளியின் பெயரே காப்பீட்டுக் கணக்குக்குள் நுழையும். கேட்காவிட்டால், அப்படியொரு நோயாளி அரசைப் பொறுத்தவரை இருந்ததே இல்லை. மறுக்கப்பட்டது என்பதற்குச் சான்று தர வேண்டியவர் மறுத்தவரேதான். இலண்டனில் என் மேசைக்கு வரும் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்க நான் ஒரு காரணக் குறியீட்டையாவது தட்டியாக வேண்டும் என்று ஆற்றாமையில் அவரிடம் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்.

இதைச் சொல்லும்போது இங்கிலாந்தில் எல்லாம் ஒழுங்காக நடந்ததென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கிழக்கு இலண்டனின் எக்ஸெல் கண்காட்சி அரங்கை 2020 ஏப்ரலில் ஒன்பதே நாளில் 4,000 படுக்கைவரை விரிக்கக்கூடிய நைட்டிங்கேல் மருத்துவமனையாக மாற்றியபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். முதல் அலையில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் ஐம்பது சொச்சம் பேர்தான். படுக்கையை விரித்தவர்களிடம் அதன் பக்கத்தில் நிற்க வைக்கப் போதிய செவிலியர் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். 2020-21 நிதியாண்டுக் கணக்கில் கவச உடை, முகக்கவசம், கையுறை போன்ற பாதுகாப்புப் பொருள்களுக்காக மட்டும் 870 கோடி பவுண்டு மதிப்பை அந்நாட்டுச் சுகாதாரத் துறை கழித்து எழுதியது. விலை உச்சத்தில் வாங்கியது, பயன்படுத்த முடியாதது, காலாவதியாகக் காத்திருப்பது எல்லாம் அதில் சேர்த்தி. பெரியப்பாவின் 84 உடைகள் அந்த மலைக்கு முன் எறும்புதான். ஆனாலும் அந்தத் தொகை ஓர் ஆண்டறிக்கையில் அச்சாகி, நாடாளுமன்றக் குழுவின் முன் கேள்வியாகி, வேண்டியவர்களுக்குத் தனி வழியில் ஒப்பந்தம் கொடுத்தது சட்டப்படி தவறு என்று 2022இல் உயர்நீதிமன்றம் சொல்லும் அளவுக்குப் போனது. எறும்பைப் பற்றிக் கேட்கத்தான் இடமில்லாமல் இருக்கிறது.

நான்காவது நாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அம்மாவை இந்தக் கோடையில் இலண்டனுக்கு அழைத்துவரப் பயணக் காப்பீடு எடுக்கிறேன். அதற்கு, 2021 மே மாதத்தில் பதினொரு நாள் ஆக்சிஜனில் இருந்ததற்கான விடுவிப்புச் சுருக்கம் வேண்டும் என்கிறார்கள், வீட்டிலிருந்த தாளோ மழைநீரில் ஊறிப் போய்விட்டது. பாதி நாள் போகும் என்று சாப்பாட்டு மூட்டையோடு போனேன். மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு பழைய கட்டடத்தின் பின்புறம், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் அம்மையார், வெள்ளைத் தாளில் எழுதிய விண்ணப்பத்தையும் ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டு, “ஐ.பி. நம்பர் இருக்காப்பா?” என்று உள்நோயாளி எண்ணைக் கேட்டார். இல்லை என்றேன். சேர்ந்த தேதியைக் கேட்டுக்கொண்டு இரும்பு அலமாரிகளுக்கு இடையே போனார். பச்சை நாடா கட்டிய கட்டு ஒன்றை இழுத்து, முந்தானையால் தூசி தட்டி, கோப்புகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்து அம்மாவின் கோப்பை வெளியே எடுத்தபோது நாற்பது நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. இங்கிலாந்தில் என் சொந்த மருத்துவப் பதிவைக் கேட்டால் கொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் ஒரு மாதம். என் கண் கலங்கியதற்குத் தூசியும் ஒரு காரணம்.

மரத்தடியில் உட்கார்ந்து அந்தக் கோப்பை முழுவதும் படித்தேன். நான்கு மணி நேரத்துக்கொருமுறை ஆக்சிஜன் அளவு, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், ஊசி, மாத்திரை, கவிழ்ந்து படுக்கச் சொன்ன நேரம் என எல்லாம் கையால் எழுதப்பட்டிருந்தன. உணவுக் குறிப்பில் முட்டை என்று இருந்தது. சைவமான அம்மா பதினொரு நாளும் அதைப் பக்கத்துப் படுக்கைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டதாக இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். அந்தக் கோப்பில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: ஒரு ரூபாய்க் கணக்குக்கூடக் கிடையாது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்க, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பாஸ்புக்கில் பதிந்து எடுத்துக்கொள்வதால் விலை எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது. படுக்கைவரை அது வருவதில்லை. மாநிலத்தின் 2021-22 திருத்திய வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 18,933 கோடி ரூபாய். தலைக்கு வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய். இங்கிலாந்தில் அதே காலத்தில் அது மூவாயிரம் பவுண்டைத் தாண்டியது. அந்தச் சிறிய தொகைக்குள் அம்மா எப்படிப் பிழைத்தார் என்று வியந்தபடியே, பழக்க தோஷத்தால் இன்னொரு கணக்கும் போட்டேன். பெரியப்பாவின் பதினேழாவது வரி மட்டும் ஏறத்தாழ முப்பத்தொன்பது பேரின் ஓராண்டுப் பங்கு.

வெளியே வரும்போது வளாகத்தில் திரவ ஆக்சிஜன் கலன் வெள்ளையாக உயர்ந்து நின்றது. அதன் வேலிக்கு வெளியே நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. 2021இல் இதற்கு லாரி வந்து சேரும்வரை தம்பி வாசலில் நின்று கைப்பேசியில் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் பெரியம்மாவை அழைத்துப் போய் மனு கொடுத்தேன். அட்டை நகலை இருபுறமும் பிரதியெடுத்து இணைத்தேன். முத்திரையிட்ட ரசீதும் கொடுத்தார்கள். இலண்டன் திரும்பிய மூன்றாம் வாரம் பதில் வந்தது: அட்டை சமர்ப்பிக்கப்பட்டதற்கான ஆதாரம் மனுவில் காணப்படவில்லை. கணினியில் ஏற்றியவர் முன்பக்கத்தை மட்டும் ஏற்றியிருக்கிறார். நகலின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி பெரியம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். இன்று காலை வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. முன்பக்கம்தான், அதில் பெரியப்பாவின் முகம் நன்றாகத் தெரிகிறது.