தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையவழி வில்லங்க விவரம்: தரகரின்றி வீடு விற்றவரின் மதிப்பீடு

மதுரையில் எங்கள் குடும்ப வீட்டைத் தரகர் இல்லாமல் நேரடியாக விற்றபோது எனக்குப் பெரிதும் கைகொடுத்தது, தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் கிடைக்கும் வில்லங்க விவரம். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு ஆகியவற்றைக் கொடுத்தால், கேட்ட காலத்தில் அச்சொத்தின் மீது பதிவான ஆவணங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றிட்ட நகலுக்கு மட்டும் பணம் கட்ட வேண்டும். வாங்க வந்தவரிடம் காட்டுவதற்கு முன் நானே பார்த்ததால், அப்பா என்றோ அடைத்துவிட்ட வங்கிக் கடனின் அடமானப் பதிவு, கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் பதியப்படாமல் அப்படியே நிற்பது தெரிந்தது. அதைச் சரிசெய்த பிறகே முன்பணம் வாங்கினேன். பழைய சர்வே எண், நகர அளவை எண் இரண்டிலும் தேடுவது அவசியம்.

ஆனால், "ஈசி (வில்லங்கச் சான்று) சுத்தமாக இருக்கிறது" என்று சொல்லி விற்பவர் தம் கடமையை முடித்துக்கொள்ள முடியாது. உயில் பதிவானாலும் பதிவு அலுவலகத்தின் 3-ஆம் புத்தகத்தில்தான் ஏறும். வில்லங்கம் பார்ப்பது சொத்து ஆவணங்கள் ஏறும் 1-ஆம் புத்தகத்தை. பதியாத குடும்ப ஏற்பாடும் வாய்ப்பேச்சில் குடியிருப்பவரின் உரிமையும் அதில் வராது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி, சொத்திலோ உரிமையிலோ உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவரே சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதைச் சட்டம் மோசடி என்றே கொள்கிறது. நடுவில் தரகர் இல்லாதபோது, இதை நினைவூட்டவும் ஆள் இல்லை.

எங்கள் பின்னறைச் சுவர் ஐப்பசி மழையில் கசியும். வெள்ளையடித்து, பீரோவை ஒட்டிப் போட்டிருந்ததால் யார் கண்ணிலும் படாது. எந்த இணையதளமும் காட்டாத குறை அது. பீரோவை நகர்த்தி, ஊறிய சுண்ணாம்பு விரலோடு உதிர்வதை வாங்க வந்தவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார். அது நியாயமாகப் பட்டதால் ஒப்புக்கொண்டேன். அந்தக் கசிவையும், மாடியில் குடியிருப்பவர் தை மாதம்தான் காலி செய்வார் என்பதையும் கிரய ஒப்பந்தத்தில் தனிப் பத்தியாக எழுதி இருவரும் கையொப்பமிட்டோம்.