ஒரே பாட்டு, ஐந்து தட்டு: அரிய சோல் 45-களில் எதற்குப் பணம் கொடுக்கலாம்?

டேரல் பேங்க்ஸ் பாடிய ‘ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்’ 1966-ல் அமெரிக்காவில் ரெவிலாட் லேபிளில் (லேபிள் என்றால் தட்டை வெளியிடும் நிறுவனப் பெயர்) 45 ஆக, அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சிறு தட்டாக, வந்தது. பில்போர்டு பத்திரிகை கறுப்பின இசைக்கு வைத்திருந்த ஆர் அண்ட் பி பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறிய பாட்டு. அவ்வளவு விற்றதால் அந்த அமெரிக்கத் தட்டு இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. சுமாரான ஓட்டலில் ஒருவேளை சாப்பிடும் காசு போதும். அதே ஆண்டு பிரிட்டனில் லண்டன் லேபிள் இதை வெளியிட முனைந்தது. உரிமை இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டதால் தட்டைத் திரும்பப் பெற்றார்கள். பாட்டு ஸ்டேட்சைட் லேபிளில் வெளிவந்தது. தப்பிப் பிழைத்த லண்டன் கடைப் பிரதி ஒன்று 2014-ல் 14,543 பவுண்டுக்குப் போனது.

பாட்டு ஒன்றுதான், ஒலிப்பதிவும் ஒன்றுதான். காதால் கேட்டு இந்த விலை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே ஒரு தட்டு கைக்கு வந்ததும் ‘இது என்ன பாட்டு’ என்று கேட்பதைவிட ‘இது எந்தப் பதிப்பு, எதில் செய்தது’ என்று கேட்பதுதான் முதல் வேலை. நார்தர்ன் சோல் வட்டத்தில், அதாவது அறுபதுகளின் அரிய அமெரிக்க சோல் தட்டுகளுக்கு ஆடி, அவற்றைத் தேடிச் சேர்க்கும் பிரிட்டிஷ் ரசிகர்களிடையே, ஒரே பாட்டு பெரும்பாலும் ஐந்து வடிவில் விலைக்கு வரும்: அமெரிக்கக் கடைப் பிரதி, அமெரிக்க வானொலி டெமோ (ஒலிபரப்புவதற்காக நிலையங்களுக்கு அனுப்பிய பிரதி), பிரிட்டிஷ் பதிப்பு, உரிமம் பெற்ற மறுபதிப்பு, கள்ளப் பதிப்பு. எந்த வடிவமானாலும் அதற்கு முன்பே முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு.

வினைலா, ஸ்டைரீனா?

அறுபதுகளின் அமெரிக்க 45-களில் கணிசமான பகுதி வினைல் அல்ல, பாலிஸ்டைரீன். வினைல் தட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்திச் செய்வார்கள். ஸ்டைரீனை உருக்கி அச்சுக்குள் பீய்ச்சி எடுப்பார்கள். வேலை வேகமாக நடக்கும், அச்சும் அதிக நாள் உழைக்கும். ஆலைக்கு லாபம், ஐம்பது அறுபது வருடம் கழித்து வாங்குபவருக்குத் தலைவலி.

காரணம் எளிது. ஊசி அழுத்தும்போது வினைலின் க்ரூவ், அதாவது ஊசி ஓடும் பள்ளம், ஒரு நூலளவு நெகிழ்ந்து மீண்டுவிடும். ஸ்டைரீன் நெகிழாது, நுண்ணிய துகளாக உதிரும். நல்ல ஊசியில் மட்டும் ஓடிய ஸ்டைரீன் தட்டு வினைலுக்குச் சளைத்ததல்ல, சில சமயம் அதைவிட அமைதியாகவே ஒலிக்கும். ஆனால் தேய்ந்த ஊசியோ ஊசியைத் தாங்கும் கனமான டோன் ஆர்மோ பத்து இருபது முறை ஓடியிருந்தால் பாடகரின் ‘ஸ’ ஒலியெல்லாம் கரகரவென்று கிழியும். இந்தச் சேதம் கண்ணுக்குத் தெரியாது. பளபளவென்று இருக்கும் ஸ்டைரீன் தட்டு பொரித்த அப்பளம்போல் நொறுங்கிய சத்தம் தருவது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது.

இன்னொரு வியாதியும் உண்டு, கியூ பர்ன். வானொலி நிலையத்தில் பாட்டின் முதல் ஒலியில் ஊசியைச் சரியாக நிறுத்துவதற்காகத் தட்டை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். வினைல் அதைத் தாங்கும். ஸ்டைரீனில் முதல் சில நொடிகளுக்கு ‘ஸ்ஸ்ஸ்’ என்ற சீறல் நிரந்தரமாகத் தங்கிவிடும். எந்தச் சுத்தம் செய்தாலும் போகாது, ஏனென்றால் அது அழுக்கல்ல, அந்த இடத்தில் க்ரூவே இல்லை.

எது எது என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். தட்டை ஓரத்தில் பிடித்துக்கொண்டு நகத்தால் மெல்லத் தட்டுங்கள். வினைல் ‘தொப்’ என்று மந்தமாகச் சொல்லும். ஸ்டைரீன் பிளாஸ்டிக் டப்பாபோல் ‘டிக்’ என்னும். தட்டின் நடுவிலுள்ள காகித லேபிளின் விளிம்பையும் பாருங்கள். வினைலில் காகித லேபிள் அழுத்தும்போதே தட்டோடு ஒன்றிவிடும். ஸ்டைரீனில் பசை போட்டு ஒட்டுவார்கள், அதனால் ஓரம் பெயரும், நடுவில் குமிழி எழும். இந்தப் பசைக்காகவே ஸ்டைரீன் தட்டைத் தண்ணீரில் முக்கக்கூடாது. ஆல்கஹால் கலந்த திரவமும் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம், மென்மையான துணி, லேபிளில் ஈரம் படாமல் க்ரூவ் போகும் திசையில் துடைப்பது, அவ்வளவே.

பெரிய லேபிள்கள் ஒரே தட்டைப் பல ஊர் ஆலைகளில் செய்தன. எனவே ஒரே எண்ணுள்ள அசல் வினைலிலும் இருக்கும், ஸ்டைரீனிலும் இருக்கும். பாட்டு முடிந்தபின் லேபிள்வரை வரும் வெற்றுப் பட்டையில், அதாவது ரன்-அவுட் பகுதியில், ஆலையின் முத்திரை இருக்கும். ஒரு சிறு முக்கோணமும் அதையடுத்து எண்ணும் இருந்தால், பெரும்பாலும் லாஸ் ஏஞ்சல்ஸ் மானார்க் ஆலையின் ஸ்டைரீன். ‘ஏஆர்பி’ முத்திரை இருந்தால் மிஷிகன் மாநிலம் ஓவாசோவில் இருந்த அமெரிக்கன் ரெக்கார்ட் பிரெஸ்ஸிங் ஆலை; டெட்ராய்ட்டின் சோல் நிறுவனமான மோட்டவுனின் தட்டுகள் பல அங்கே வினைலில் உருவானவை. அந்த ஆலை 1972-ல் எரிந்துபோனது. ஆர்சிஏ ஆலையிடம் ஆர்டர் கொடுத்துச் செய்த சின்ன லேபிள்களில் எண்ணின் முதலெழுத்தே வருடம் சொல்லும்: எஸ் என்றால் 1965, டி என்றால் 1966, யூ என்றால் 1967. லேபிளில் வருடம் அச்சிடாத தட்டுகளுக்கு இதுதான் ஜாதகம்.

இரண்டும் கிடைக்கிறது, விலையும் ஏறக்குறைய ஒன்று என்றால் யோசிக்கவே வேண்டாம், வினைல்.

கடைப் பிரதியா, டெமோவா?

டெமோ என்றாலே உசத்தி என்ற எண்ணம் பிரிட்டிஷ் சேகரிப்பாளர்களிடம் வேரூன்றியது. வெள்ளை லேபிளும் ‘விற்பனைக்கல்ல’ என்ற வரியும் பார்க்க அழகுதான். ஆனால் தோற்றுப்போன அமெரிக்கத் தட்டுகளில் கதை பலமுறை தலைகீழ். வானொலிகளுக்கு டெமோவை அனுப்பினார்கள், யாரும் ஒலிபரப்பவில்லை, கடைக்கான பிரதியை அதிகம் அடிக்கவே இல்லை. அப்படிப்பட்ட தட்டில் வண்ண லேபிளுள்ள கடைப் பிரதிதான் அரிது. தட்டுக்குத் தட்டு இது மாறும். பழைய ஏல விலைகளைப் பார்க்காமல் ‘டெமோ, அதனால் விலை அதிகம்’ என்று சொல்லும் விற்பனையாளரை நம்பவேண்டியதில்லை.

டெமோ வாங்குமுன் பின்பக்கத்தையும் பார்க்கவேண்டும். அறுபதுகளின் இறுதியில் டெமோவின் இரு பக்கமும் ஒரே பாட்டு, ஒன்று மோனோ மற்றது ஸ்டீரியோ, என்று செய்யும் வழக்கம் வந்தது. ஆட்டக்களத்தில் பெயர் வாங்கிய பாட்டு கடைப் பிரதியின் பின்பக்கத்தில் வந்ததாக இருந்தால் அந்த டெமோவில் அது இருக்கவே இருக்காது. மேலே சொன்ன கியூ பர்ன் டெமோக்களில்தான் அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் பதிப்பு தனிச் சந்தை. அங்கே மோட்டவுன் பாட்டுகள் லண்டன் அமெரிக்கன், ஃபான்டானா, ஓரியோல், ஸ்டேட்சைட் என்று கைமாறி 1965 மார்ச்சில்தான் டாம்லா மோட்டவுன் என்ற சொந்த லேபிளுக்கு வந்தன. முந்தைய லேபிள்களில் குறைவாக விற்றவை இன்று விலை உயர்ந்தவை. தட்டின் மையத்தில் பெயர்த்தெடுக்கக்கூடிய நடுத்துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஜூக்பாக்ஸுக்காக (காசு போட்டால் பாடும் பெட்டி) அதைப் பெயர்த்தெடுத்த பிரதிக்கு விலை இறங்கும். ஒலிக்காக வாங்குபவருக்கு இந்தச் சந்தை தேவையில்லை, லேபிளுக்காக வாங்குபவருக்குத்தான்.

மறுபதிப்பும் கள்ளப் பதிப்பும்

ஃபிராங்க் வில்சனின் ‘டூ ஐ லவ் யூ’ இதற்குச் சரியான உதாரணம். 1965-ல் மோட்டவுனின் ‘சோல்’ என்ற துணை லேபிளில் 35019 என்ற எண்ணில் தயாராகி வெளிவராமலே போனது. அசல் பிரதி ஒன்று 2009-ல் 25,742 பவுண்டுக்கு விற்றது. எழுபதுகளில் எட்டி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில் கள்ளப் பதிப்பு சுற்றியது. 1979-ல் டாம்லா மோட்டவுன் முறையாக டிஎம்ஜி 1170 என்ற எண்ணில் பிரிட்டனில் வெளியிட்டது. அசல் நம் கைக்கு எட்டாது. மற்ற இரண்டில் 1979 பதிப்பை விட்டுக் கள்ளப் பதிப்பை வாங்க ஒரு காரணமும் இல்லை.

உரிமம் பெற்ற பதிப்புகள் எல்லாம் மலிவு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. லண்டன் நகரின் 100 கிளப்பில் நடந்த சோல் இரவுகளின் ஆண்டு விழாக்களில் வந்தவர்களுக்குக் கென்ட் லேபிள் கொடுத்த 45-கள் இப்போது தேடப்படுபவை.

அசலைப்போலவே லேபிள் அச்சிட்ட கள்ளப் பதிப்புதான் பணத்தைப் பறிப்பது. அதைப் பிடிக்க நாலு இடம் பார்த்தால் போதும். அசல் லேபிளைப் படம்பிடித்து மறுபடி அச்சிட்டிருப்பதால் பூதக்கண்ணாடியில் சிறிய எழுத்துகளின் விளிம்பு ஊறிப்போனதுபோல் தெரியும். அசலில் ரன்-அவுட் எண் இயந்திர முத்திரை என்றால் போலியில் அது கையால் கீறியிருக்கும். அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்த தட்டு உங்கள் கையில் வினைலாக இருந்தால் பேச்சே இல்லை. நாலாவது, ஓடவிட்டுக் கேட்பது: க்ரூவில் ஒரு கீறலும் இல்லை, ஆனாலும் பழைய தட்டின் பொரிச்சல் கேட்கிறது என்றால், இன்னொரு தட்டிலிருந்து நகலெடுத்திருக்கிறார்கள்.

கோல்ட்மைனா, ரெக்கார்ட் கலெக்டரா?

தரம் சொல்ல இரண்டு அளவுகோல்கள். அமெரிக்க கோல்ட்மைன் பத்திரிகையின் முறையில் மின்ட் (புத்தம் புதியது), நியர் மின்ட், வெரி குட் பிளஸ் (விஜி பிளஸ்), வெரி குட் (விஜி), குட் என்று இறங்கும். இணையத்தில் தட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளமும் இதையே பின்பற்றுகிறது. பிரிட்டனின் ரெக்கார்ட் கலெக்டர் பத்திரிகையின் முறையில் மின்ட்டுக்கு அடுத்து எக்ஸலன்ட், பிறகு வெரி குட், குட், ஃபேர், புவர், பேட். பிரிட்டிஷ் எக்ஸலன்ட்டும் அமெரிக்க விஜி பிளஸ்ஸும் ஏறக்குறைய ஒன்று. ‘வெரி குட்’ என்ற பெயர் இரண்டிலும் இருப்பதுதான் குழப்பம். விற்பவர் எந்த முறையில் சொல்கிறார் என்று கேட்காமல் பணம் அனுப்பவேண்டாம்.

கோல்ட்மைன் கணக்கு சட்டென்று சரியும்: விஜி பிளஸ் என்றால் நியர் மின்ட் விலையில் பாதி, விஜி என்றால் கால், குட் என்றால் பத்து முதல் பதினைந்து சதவீதம். 200 பவுண்டு தட்டு ஒரு படி இறங்கினால் 100, இன்னொரு படி இறங்கினால் 50. ஒரு எழுத்துக்கு நூறு பவுண்டு என்னும்போது அந்த எழுத்தை யார், எப்படிப் போட்டார் என்று விசாரிப்பது கஞ்சத்தனம் அல்ல. அதி அரிய தட்டுகளில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. இருப்பதே மூன்று பிரதி என்றால் விஜிக்கும் கடும் போட்டி.

கண்ணால் பார்த்த தரமும் ஓட்டிக் கேட்ட தரமும் வேறு. ஸ்டைரீனுக்குக் கண் தரம் செல்லாக்காசு. விற்பவரிடம் முதல் பத்து நொடியும், சத்தம் உச்சத்தில் இருக்கும் கடைசி அரை நிமிடமும் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். ‘டிக்’ சத்தம் கேட்டால் இடைவெளியை எண்ணுங்கள். 45 வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.33 நொடி. சரியாக அந்த இடைவெளியில் டிக் வந்தால் குறுக்குக் கீறலோ விரிசலோதான். ஐந்தாறு டிக்கோடு நின்றால் மேலோட்டமான கீறல். பாட்டு முழுக்க விடாமல் வந்தால் விளிம்பிலிருந்து ஓடும் விரிசல் என்று சந்தேகப்படுங்கள். ஸ்டைரீனில் விரிசல் வளரும், அதை எந்த விலைக்கும் தொடாதீர்கள்.

நேரில் பார்க்கும்போது டியூப்லைட் பயன்படாது. ஒற்றை பல்புக்குக் கீழே தட்டைச் சாய்த்துச் சுற்றுங்கள். கறுப்பு க்ரூவ் சாம்பல் பூத்ததுபோல் மங்கியிருந்தால் தேய்மானம். கீறலின்மேல் நகத்தை வைத்தால் தட்டுப்படுகிறதா? அது சத்தமாகக் கேட்கும். தட்டுப்படாத மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் கேட்காது.

விலையைக் குறைக்கும், ஒலியைத் தொடாத குறைகளும் இருக்கின்றன. லேபிளில் பழைய சொந்தக்காரரின் பெயர், வானொலி நிலையத்தின் தேதி முத்திரை, ஒட்டிய ஸ்டிக்கர், விற்காத சரக்கைத் தள்ளுபடியில் கழிக்க லேபிளில் போட்ட துளை எல்லாம் இந்த வகை. 180 பவுண்டுக்குக் கண் தரத்தில் மட்டும் நியர் மின்ட் என்று சொல்லும் ஸ்டைரீன் ஒன்று, 85 பவுண்டுக்கு லேபிளில் பேனா எழுத்துள்ள, ஓட்டிப் பார்த்த விஜி பிளஸ் வினைல் ஒன்று, இரண்டும் எதிரில் இருந்தால் இரண்டாவதை எடுங்கள். அந்தப் பேனா எழுத்தை அழிக்க மட்டும் முயலாதீர்கள். எழுத்துள்ள லேபிளைவிடச் சுரண்டிய லேபிளுக்கு விலை இன்னும் குறைவு.