28 அறை மாத்திரை டப்பா, குன்னூர் குளிருக்கு தாங்குமா?

சுகர், பிபி, தைராய்டு, போதாக்குறைக்கு முட்டி தேய்மானம்னு எனக்கு நாலு டாக்டர், மாசத்துல ரெண்டு மூணு தடவை குன்னூர்ல இருந்து கோயம்புத்தூர் இறங்கணும், விடியக்காலை பஸ்ஸ புடிக்கிற அவசரத்துல எந்த மாத்திரைய போட்டேன் எதை விட்டேன்னே தெரியாம பர்லியார் தாண்டும்போது ஸ்ட்ரிப்ப எண்ணிட்டு உக்காந்திருப்பேன். அதுக்குத்தான் இந்த ஏழு நாள் டப்பா வாங்குனேன், நாளுக்கு நாலு அறை.

நிஜமாவே நல்லா இருக்கு. தைராய்டு மாத்திரை வெறும் வயித்துல, கால்சியம் அதுக்கு 4 மணி நேரம் கழிச்சுத்தான், இந்த கணக்கெல்லாம் இப்ப டப்பாவே பாத்துக்குது. அன்னைக்கு உள்ளத மட்டும் கழட்டி ஸ்வெட்டர் பாக்கெட்ல போட்டுக்கலாம்.

குறைன்னா மூடிதான். குளிர்ல விரல் மரத்துப்போய் நெம்புனா டப்புனு தெறிச்சு பாதி மாத்திரை கட்டிலுக்கு அடியில. காத்தும் புகுது, மழை மாசத்துல உரிச்சு போட்ட மாத்திரை ஒண்ணு ஈரம் இழுத்து பிசுபிசுன்னு ஆயிடுச்சு, அதுல இருந்து ஸ்ட்ரிப்போட கத்தரிக்கோல்ல வெட்டித்தான் போடுறேன். இன்சுலினுக்கு எப்படியும் தனி பைதான். காலைக்கும் மதியத்துக்கும் ஒரே சூரியன் படம், எவன் வரைஞ்சானோ! மருமக நெயில் பாலிஷ்ல புள்ளி வச்சு குடுத்தா. அஞ்சுக்கு மூணரை.